சந்திரமுகியின் இரண்டாவது கொலை

முடிந்துபோன ஒரு கதையை முடிந்த இடத்திலேயே விட்டுவிடுவதும் அதற்குச் செய்யும் ஒரு மரியாதைதான். அந்த மரியாதை தனக்குத் தெரியாது என்பதைத் தமிழ்ச் சினிமா பல தடவை நிரூபித்திருக்கிறது. ஆனால் 2023 செப்டெம்பர் 28ஆம் திகதி வெளிவந்த பி. வாசுவின் 'சந்திரமுகி 2' நிரூபித்த அளவுக்கு வேறெதுவும் நிரூபித்ததில்லை. பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், பத்திரிகைகள் நொந்துகொண்டன, பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். அத்தோடு விட்டுவிட வேண்டியதுதானே, ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இதற்கு எதற்குப் பக்கங்கள் என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நாம் வெளியிடும் கவிதைத் தொகுதிகளைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 'சந்திரமுகி'யைப் பார்க்காத வீட்டையும் விரல்விட்டு எண்ணலாம். பேய் பிடித்த பெண் எப்படி இருப்பாள் என்று கேட்டால் நமது பிள்ளைகள் ஜோதிகாவைப் போலக் கண்களை உருட்டி விழித்துக் காட்டுவார்கள். ஒரு சமூகத்தின் மனதில் பெண், காதல், பேய் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் பதியவைத்த கதை அது. முதற்கதை அந்த முடிச்சைப் போட்டுக்காட்டி, பின் நம் கண்முன்னே அவிழ்த்தது. இரண்டாவது கதை அவிழ்ந்ததை மீண்டும் இறுக்கிக் கட்டியது. எனது குற்றச்சாட்டு இதுதான். படம் நன்றாக இல்லை என்பது இரண்டாம் பட்சம்.

இக்கதையின் பிறப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' தான் மூலம். எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் ஆலப்புழைக்காரரான பாசில். பூட்டிக்கிடக்கும் ஒரு தறவாட்டு வீடு. அதில் முன்னொரு காலத்தில் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற ஆடற்பெண். அவ்வீட்டுக்கு மருமகளாக வரும் கங்கா. சிறு வயதில் பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை இந்தக் கங்கா. கைவிடப்பட்ட ஒரு சிறுமியின் பழைய காயம், கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதையில் தனக்கு இடம் தேடிக்கொள்கிறது. வீட்டில் பேய் இல்லை. பேயின் கதை இருக்கிறது. அந்தக் கதை தேவைப்படும் ஒரு மனம் இருக்கிறது. இந்தப் பாத்திரத்துக்காக ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது.

இதே கதை 2004இல் கன்னடத்தில் பி. வாசுவின் கையில் 'ஆப்தமித்ரா' ஆனது. 2005 ஏப்ரல் 14இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனது. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். தமிழுக்கு வரும்போது ரஜினிகாந்துக்காகச் சண்டையும் சிரிப்பும் சேர்ந்தன என்பது உண்மை. காரணமில்லாமல் ஒரு பெரிய பாம்பும் ஊர்ந்து திரிந்தது. ஆனாலும் கதையின் முதுகெலும்பு முறியவில்லை.

இரண்டு குடும்பங்களுக்கிடையே பழைய பகை. மகளைக் கட்டிக்கொடுத்து அந்தப் பகையைத் தீர்க்கலாம் என்று கந்தசாமியின் வீட்டில் காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையாக வரவேண்டிய செந்தில்நாதனோ கங்காவைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஆக, கங்கா கால் வைப்பது தன்னை எதிர்பார்த்திராத ஒரு குடும்பத்துக்குள். அந்த மாளிகையின் மேல்மாடியில் அவள் கேட்கும் கதையும் அதே கதைதான். விஜயநகரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சந்திரமுகி, அவள் காதலித்த குணசேகரன், இருவரையும் சேரவிடாத வேட்டையன். அவன் காதலனின் தலையை வெட்டினான், அவளை உயிரோடு எரித்தான். கங்கா அக்கதைக்குள் நுழைந்துவிட்டதில் வியப்பென்ன? தனக்கு இடம் கொடுத்த ஒரே கதைக்குள் அவள் குடிபோனாள்.

முதற்படத்தின் முடிவை மறந்தவர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே மந்திரவாதி வருகிறார், டொக்டரும் இருக்கிறார். இருவரும் சண்டை பிடிப்பதில்லை. மந்திரவாதி ஹோமம் வளர்க்கிறார், டொக்டர் அந்த ஹோமத்தை ஒரு நாடக மேடையாகப் பயன்படுத்துகிறார். வேட்டையனைத் தான் எரித்துவிட்டதாக அவள் நம்பும்படி ஒரு பொம்மை எரிக்கப்படுகிறது. அவளது கோபத்துக்கு ஒரு நீதி கிடைக்கிறது. அதன் பிறகே அவள் தெளிகிறாள். பெண்ணை அடித்து, மிளகாய்ப் புகை காட்டி, வேப்பங்குழையால் விளாசிப் பேயோட்டும் காட்சிகளையே பார்த்துப் பழகிய நமக்கு, 'இவள் சொல்வதை முதலில் கேளுங்கள்' என்று சொன்ன காட்சி அது. வெகுசனச் சினிமா எப்போதாவது செய்யும் நல்ல காரியங்களில் ஒன்று.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருவோம். ரங்கநாயகி என்ற செல்வந்தப் பெண்ணின் குடும்பத்தில் தொடர்ந்து துன்பங்கள். குலதெய்வக் கோயிலில் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பூசை செய்ய வேண்டும் என்கிறார் குரு. அனைவரும் என்றால் அந்த இரண்டு பிள்ளைகளும் சேர்த்தி. யார் அந்தப் பிள்ளைகள்? வேற்று மதத்தவன் ஒருவனைக் காதலித்து வீட்டைவிட்டுப் போன மூத்த மகளின் பிள்ளைகள். மகளும் இல்லை, மருமகனும் இல்லை. பிள்ளைகளைப் பாண்டியன் என்பவன் வளர்க்கிறான். இவர்கள் எல்லோரும் வேட்டையபுரத்து மாளிகைக்கு வந்து சேர்கிறார்கள்.

இந்தப் பந்தியை எழுதும்போதே எனக்கு மனம் பதைக்கிறது. எப்பேர்ப்பட்ட கதை இது! சேரக்கூடாத இரண்டு வீட்டிலிருந்து சேர்ந்த இருவர். அவர்களை வெட்டிவிட்ட குடும்பம். அவர்கள் போனபின் மிஞ்சிய இரண்டு குழந்தைகள், 'பூசைக்குத் தேவை' என்பதற்காக மட்டும் அழைத்துவரப்படுகிறார்கள். வேட்டையன் செய்ததைத்தான் இந்தக் குடும்பமும் செய்திருக்கிறது. வாளும் நெருப்பும் மட்டும் இல்லை. அந்த வீட்டுக்குள் சந்திரமுகி வந்திருந்தால் யாரிடம் வந்திருப்பாள்? யாருக்காகப் பேசியிருப்பாள்? ரங்கநாயகியின் முன்னால் நின்று, 'எனக்குச் செய்ததை உன் மகளுக்கும் செய்தாயே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். 2005ஐ விடப் பெரிய படமாக 2023 நின்றிருக்கும்.

நடந்தது என்ன? பிள்ளைகள் ஓரத்தில் நிற்கிறார்கள். மகளின் காதல் இரண்டு வசனத்தில் முடிகிறது. மாளிகையில் உண்மையாகவே பேய் இருக்கிறது. அது அவ்வீட்டு மகள் ஒருத்தியின் உடலில் ஏறுகிறது. வேட்டையனின் ஆவி இன்னோர் உடலில் ஏறுகிறது. இரண்டு ஆவிகளும் கட்டிப்புரள்கின்றன. கங்கனா ரணாவத் ஆடுகிறார், ராகவா லோரன்ஸ் வாள் சுழற்றுகிறார், வடிவேலு பழைய சிரிப்பையே மறுபடி சிரிக்க வைக்கப் பார்க்கிறார், கீரவாணி இசையமைக்கிறார். யாருடைய காயமும் யாருடைய காதிலும் விழவில்லை. முதற்படத்தில் பேய் என்பது ஒரு கேள்வி. இரண்டாவது படத்தில் பேய் வெறும் பேய். வேட்டையன் சந்திரமுகியை ஒருமுறை எரித்தான். அவள் கதை ஏன் சொல்லப்பட்டதோ அந்தக் காரணத்தையே எரித்ததனால் இரண்டாம் பாகம் அவளை இரண்டாம் முறை கொன்றது.

இது ஒரு படத்தின் தவறென்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இதே இயக்குநர் 2010இலேயே கன்னடத்தில் 'ஆப்தரட்சகா'வும் தெலுங்கில் 'நாகவல்லி'யும் எடுத்துவிட்டார். மோகன்லாலின் டொக்டர் பாத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு 2013இல் பிரியதர்ஷன் மலையாளத்தில் 'கீதாஞ்சலி' எடுத்தார். 2022இல் இந்தியில் வந்த 'பூல் புலையா 2' உண்மையான ஆவியையே கொண்டுவந்து நிறுத்தியது. அது நன்றாக ஓடியதால் 2024இல் மூன்றாவதும் வந்தது. இத்தனைக்கும் நடுவில், அதே 2024இல், 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது சனம் திரண்டுபோய்ப் பார்த்தது. முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு கதையைப் பணம் கொடுத்துத் திரும்பவும் பார்க்கிறார்கள் என்றால், சனத்துக்குப் பேய்தான் வேண்டும் என்ற வியாபாரிகளின் வாதம் எங்கே நிற்கிறது?

தொடர்ச்சி எழுதுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பழைய காதற்கதையைத் திரும்பச் சொல்வது நமது மரபுதான். லைலா மஜ்னூன் கதையை நிஸாமி 1188இல் காவியமாக்கினார். அவருக்குப் பின் அமீர் குஸ்ரூ எழுதினார், ஜாமி எழுதினார், துருக்கி மொழியில் புஸூலி எழுதினார். தமிழ்ச் சினிமாவும் 1950இல் எடுத்தது. இவர்களில் எவரும் மஜ்னூனின் ஆவியைக் கபுறிலிருந்து எழுப்பி லைலாவின் தகப்பனோடு மல்லுக்கு விடவில்லை. ஒவ்வொருவரும் அதே கேள்வியைத் தமது காலத்தில் நின்று கேட்டார்கள்: இரண்டு வீட்டாரின் மானத்துக்காக இரண்டு பிள்ளைகள் ஏன் அழிய வேண்டும்?

'மஜ்னூன்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். கைஸ் என்பதுதான் அவனது பெயர். ஜின் என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது மஜ்னூன். ஜின் பிடித்தவன் என்று பொருள். காதலித்தவனுக்கு ஊர் வைத்த பட்டம் அது. அவன் பெண்ணின் பெயரைப் பகிரங்கமாகப் பாடினான், அவளது குடும்பத்துக்கு அது மானக்கேடாகிவிட்டது, ஆகவே அவனுக்கு ஜின் பிடித்துவிட்டது. தமக்குப் பிடிக்காததைப் பேசுகிறவனின் பேச்சைக் கேளாமல் விடுவதற்கு மனிதர் கண்டுபிடித்த மிகப் பழைய வழி இது. நமது நபி (ஸல்) அவர்களையே மக்கத்துக் காபிர்கள் அதே சொல்லால் அழைத்தார்கள். அல்குர்ஆனின் அல்-கலம் அத்தியாயம் தொடங்கும்போதே அதை மறுத்துவிடுகிறது. இதை ஓதி வளர்ந்த சமூகம் அந்தப் பட்டத்தை ஒருவர்மேல் வைக்கும் முன் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

நாம் யோசிக்கிறோமா? சினிமாவை விட்டு நமது வளவுக்குள் வருவோம். தாய்வழியாக வரும் குடிமுறையை இன்னும் மறக்காத ஊர்கள் நமது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசலில் இருந்த மரபு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுக்கிறோம். வட்டைக் காணி வரம்பில் தொடங்கிய சண்டை, தேர்தலில் தொடங்கிய சண்டை, பள்ளி நிர்வாகத்தில் தொடங்கிய சண்டை என்று குடும்பத்துக்குக் குடும்பம் முகம் பாராத கதைகள் எந்த ஊரில் இல்லை? அந்த வேலிக்கு மேலால் ஒரு பிள்ளையின் மனம் போய்விட்டால் அது யாரிடம் சொல்லும்? வீடு பெண்ணுடையது, 'சரி' என்ற சொல்லும் 'மாட்டேன்' என்ற சொல்லும் அவளுடையவை அல்ல. பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது மார்க்கம். ஆனால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை எழுதியவர்கள் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. வலியின் சொல் போதுமானதாயிற்று.

உயர்தர வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை மூன்று கிழமை பாடசாலைக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது, "அவளுக்குப் பார்வ சேர், மஃரிபு நேரம் கிணத்தடிக்குப் போனவ" என்றார் உம்மா. பிள்ளையின் கையில் ஓதிக் கட்டிய நூல், கழுத்தில் இசிம். இரவில் ஆம்பிளைக் குரலில் பேசுகிறாளாம். என்ன பேசுகிறாள் என்று கேட்டேன். "இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரப்படாது எண்டு சொல்லுது சேர்" என்றார் உம்மா. 'சொல்லுது' என்றார், 'சொல்றாள்' என்றல்ல. அந்த மாதம்தான் அவளைப் பெண்பார்க்க வந்து பேசி முடித்திருந்தார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறகு சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண் தன் வாயால் சொல்ல முடியாத ஒரேயொரு வசனத்தை ஜின்னின் வாயால் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. கங்காவின் கதையைப் பத்துத் தரம் பார்த்த வீடுதான் அது.

இது எனது கற்பனை விளக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். ஐ. எம். லூயிஸ் என்ற மானிடவியலாளர் சோமாலிய முஸ்லிம்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர். அங்கே பெண்களைப் பிடிக்கும் 'ஸார்' என்ற ஆவி, கணவனிடமும் குடும்பத்திடமும் அவர்கள் நேரே கேட்க முடியாததைக் கேட்பதற்கான வழியாக இருப்பதை 1971இல் வெளிவந்த தனது நூலில் விரிவாக எழுதினார். வாய் அடைக்கப்பட்ட இடத்தில் ஆவிக்கு வாய் முளைக்கிறது. முதல் 'சந்திரமுகி' சொன்னதும் இதைத்தான்.

இந்த இடத்தில் சில சகோதரர்கள் எழுந்து, 'அப்படியானால் ஜின் இல்லையென்று சொல்கிறீரா?' என்று கேட்பார்கள். ஜின் உண்டு. அதன் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை மறுக்க நான் யார்? ஜின் உண்டு என்று நம்புவது வேறு, கலியாணத்துக்குச் சம்மதிக்காத பெண்ணில் எல்லாம் ஜின் இருக்கிறது என்று முடிவுகட்டுவது வேறு. முதலாவது ஈமான், இரண்டாவது வசதி. இந்த வசதியில் நமது இரண்டு முகாம்களும் ஒற்றுமையாக இருப்பதைப் பார்க்கத்தான் சிரிப்பு வருகிறது. ஒரு பகுதியார் இசிம் கட்டுகிறார்கள். மற்றப் பகுதியார் இசிம் ஷிர்க் என்று பயான் செய்துவிட்டு, அதே பிள்ளையை இருத்தி 'ருக்யா' ஓதுகிறார்கள். எப்படி ஓட்டுவது என்பதில்தான் தகராறு. பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்பதில் இரு சாராருக்கும் அக்கறையில்லை. 'சந்திரமுகி 2' இவர்கள் இருவருக்கும் பிடித்த படமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, நமது எழுத்தாளர்களிடம் ஒரு வழக்கு உண்டு. சென்னைச் சினிமாவைத் திட்டுவது இலேசு. அந்த இரண்டு அநாதைப் பிள்ளைகளின் கதையை அவர்கள் எழுதவில்லை, சரி, நாம் எழுதினோமா? போரைப் பற்றி எழுதினோம், எழுத வேண்டியதுதான். 1990இன் பள்ளிவாசல் படுகொலைகளை எழுதினோம், சுனாமியை எழுதினோம். வெளியிலிருந்து நமக்கு வந்ததையெல்லாம் எழுதினோம். நமது வேலிக்குள் நாமே செய்ததை எழுதும்போது மட்டும் பேனா ஏன் தயங்குகிறது? தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பையனும், ஒரு குடியும் மறு குடியும், கடற்கரை வாடிக்காரன் வீடும் போடியார் வீடும் என்று இந்தக் கரையோரத்தில் வெட்டப்பட்ட காதல்கள் எத்தனை! அவற்றைத் தொட்டவர்களிலும் பலர் கடைசிப் பக்கத்தில் ஒரு மௌத்தை வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். கதாநாயகியைக் கிணற்றில் தள்ளிவிட்டால் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? அதுவும் சந்திரமுகியைக் கொல்வதுதான்.

நமது முன்னோர் இவ்வளவு பயந்தவர்களாக இருக்கவில்லை. சைத்தூன் கிஸ்ஸாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எதிரி வீட்டு மகள் அவள், வாளெடுத்துப் போரிடுகிறாள், தன் மனதைத் தானே தீர்மானிக்கிறாள். ராப்பொழுதில் கூட்டமாக இருந்து அதைக் கேட்ட நமது மூத்தம்மாமார் யாரும் கெட்டுப்போகவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் வளவு வளவாய் அலைந்து தொகுத்த நாட்டார் கவிகளில் பெண் தன் மச்சானிடம் எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறாள்! உம்மாவின் காவலைச் சொல்கிறாள், ஊரின் வாயைச் சொல்கிறாள், தன் ஆசையைச் சொல்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தன் சொல்லைச் சொல்ல ஒரு கவி இருந்தது. உயர்தர வகுப்பு வரை படித்த அவளது பேத்திக்கு ஒரு ஜின் தேவைப்படுகிறது. இடையில் எதைத் தொலைத்தோம் என்பதுதான் நமது இலக்கியம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே இரண்டாம் பாகம் எழுத விரும்புகிறவர்களுக்கு இடம் நிறையவே இருக்கிறது. பேய் இறங்கிய பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எழுதுங்கள். தெளிந்த கங்கா அடுத்த நாள் காலையில் எழுந்து, தன்னை வேண்டாத அந்தக் குடும்பத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும்போது என்ன நினைத்தாள் என்று எழுதுங்கள். அம்மாவின் வீட்டுக்கு முதன்முதலாக வந்த இரண்டு பிள்ளைகள், சுவரில் அம்மாவின் படம் இல்லாததைக் கண்டு என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். நூலும் இசிமும் அவிழ்த்த பிறகு எனது வகுப்புக்குத் திரும்பி வராத அந்தப் பிள்ளையின் கதையையும் யாராவது எழுதுங்கள். அதில் ஜின்னுக்கு வேலை இருக்காது. பேசுவதற்கு அவளே போதும்.